பீங்கான் தட்டும் பஞ்சமி நிலமும்

சேக்காட்டிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போவது பெரிய பயணமல்ல. ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் மீதி நடைதூரம்தான். தலைமைச் செயலகமும் அதே கோட்டைக்குள் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. மனுவும் கையுமாக அந்த வாசலில் நாம் பலமுறை நின்றிருக்கிறோம். நகரத்தின் வரலாற்றைப் பார்க்கவென்று உள்ளே போனவர்கள் நம்மில் குறைவு.

1795இல் வணிகர்கள் கூடிப் பேரம் பேசுவதற்காகக் கட்டிய கட்டடம் அது; 1948 முதல் அருங்காட்சியகம். உள்ளே கார்ன்வாலிஸ் சிலையாக நிற்கிறார். அவர் காலடிப் பீடத்தில் திப்புவின் சிறுபிள்ளைகள் இருவர் பணயமாக ஒப்படைக்கப்படும் காட்சி. கவர்னர்களின் ஓவியங்கள், வாள்கள், நாணயங்கள், பதக்கங்கள், பீங்கான் தட்டுகள் என்று அறைகள் நீள்கின்றன. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடியும் அங்கே இருக்கிறது. ஆண்டவர்களின் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது போன்ற உணர்வு.

அந்தத் தட்டுகளின் முன் சற்று நிற்போம். சாப்பிட்டவர் யார் என்பது தெரியும். பரிமாறியவர் யார், கழுவி அடுக்கியவர் யார்? அயோத்திதாசப் பண்டிதரின் தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் ஹாரிங்டன் வழியாக எல்லிஸ் கைக்குப் போனது என்று பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். 1812இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்கு மூலகாரணமாக இருந்தவர் அந்த எல்லிஸ். குறளை அச்சுக்குக் கொண்டுவந்த கதையில் எல்லிஸுக்கு உரிய இடம் கிடைத்துவிட்டது. கந்தப்பனுக்கு இன்றும் நாம்தான் வாதாட வேண்டியிருக்கிறது. தட்டேந்திய கையில் சுவடியும் இருந்தது என்றால் பலருக்கு இன்னும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

பதக்கங்களும் அப்படியே. சென்னைப் படையில், அதிலும் சாலை போட்டுப் பாலம் கட்டிய பயனியர், சாப்பர் அணிகளில், பறையர் சிப்பாய்கள் ஏராளம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'வீர இனம்' என்றொரு கோட்பாட்டைச் சொல்லி வெள்ளையர் அவர்களைக் கழித்துக்கட்டினார்கள். டாங்கித் தொழிற்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்த ஆவடிப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரம் இருந்தது. பெரிய பறைச்சேரியும் இருந்தது. அந்தச் சேரி மக்கள் கம்பெனிக்கு மனு எழுதி வரியை எதிர்த்தவர்கள். வாய்பேசாக் கூட்டமாக அவர்களை நினைத்துக்கொள்வது பிற்காலத்தார் சௌகரியம்.

கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டிய காகிதம் ஒன்று உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய குறிப்பு. நிலமில்லாமையே இவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்பதை அவர் கண்டார். ஆவடியும் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். அவர் எழுதியது நம் பாட்டன் பூட்டனைப் பற்றி. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. பத்து ஆண்டு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் நின்றது; நிலம் கைமாறிப் போனது. கேட்கப் போன காரணை மக்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களே, கோட்டைக்குப் போய்வந்த கையோடு இன்னோர் இடத்துக்கும் போங்கள். தாலுகா ஆபீஸில் உங்கள் கிராமத்துப் பழைய 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். சர்வே எண்ணுக்கு நேரே, குறிப்புக் கலத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.