துயில் நீக்கும் மருந்தும் துடுக்குப் பிள்ளைகளும்

செபராங் பிறையின் வடபகுதியில் உள்ள தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் தழைத்திருந்த காலத்தில், தோட்டப் பிள்ளைகளின் உறக்கத்தைக் கலைத்தது கதிரவன் அன்று. பெரட்டுக்கு அழைக்கும் மணியோசையே. பால்வெட்டச் செல்லும் தாய்மார், கண் திறவாத குழந்தைகளை இருளிலேயே ஆயாக்கொட்டகைக்குச் சுமந்து சென்றனர். சற்றே வளர்ந்த பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குச் சென்றனர். அங்கே ஓரிடத்தில் அமராத சிறுவனுக்குக் குறும்பன் என்னும் பெயரும் பிரம்படியுமே பெரும்பாலும் கிட்டின. அவன் இரவில் எவ்வளவு நேரம் உறங்கினான் என வினவியோர் சிலரே. அவனுடைய அமைதியின்மை ஒரு நோயாக இருக்கக்கூடும் என எண்ணியோர் அரியர்.

இக்குறை தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. 1902-ஆம் ஆண்டில் இலண்டனில் சொற்பொழிவாற்றிய மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவு குன்றாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளை விவரித்தார். ஆயினும் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகவே கண்டார்.

திருப்பம் 1937-இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் மருத்துவர் சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கலுற்ற 30 பிள்ளைகளுக்குப் பென்செட்ரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். அவர்களுள் 14 பேர் பள்ளிப் பாடத்தில் வியத்தகு முன்னேற்றம் காட்டினர். இதில் விந்தை யாதெனின், அதே மருந்து 1935-இல் அடக்கவொண்ணா உறக்கநோயாளிகளை விழித்திருக்கச் செய்யப் பயன்பட்டது என்பதே! துயிலை விரட்டும் மருந்து துடுக்கை அடக்கியது எங்ஙனம்? அது பிள்ளையை மயக்கவில்லை. மூளையில் டோபமைன், நோரட்ரினலின் ஆகியவற்றின் செயலை மிகுவித்துக் கவனத்தை நிலைபெறச் செய்தது. 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் உருவாக்கிய மெத்தில்பெனிடேட், அவருடைய துணைவியார் ரீட்டாவின் பெயரால் ரிட்டலின் ஆயிற்று.

எனினும், மருந்து தன் பிறவிக்குணத்தை முற்றும் விடுவதில்லை. 9 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த கட்டுரை, இவ்வகை மருந்துகளால் பிள்ளைகள் உறங்கத் தொடங்குவது தாமதமாகிறது, உறக்க நேரமும் குறைகிறது என்று காட்டியது. மறுபுறம், கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறுடைய பிள்ளைகள் பலர்க்கு மருந்தின்றியும் உறக்கம் எளிதில் வருவதில்லை. போதிய உறக்கமில்லாப் பிள்ளையோ, அக்கோளாறு இல்லாதிருந்தும் அதனை ஒத்த நிலையைக் காட்டுவதுண்டு. ஆகவே, மருந்துக்கு முன்னும் பின்னும் உறக்கத்தைக் கேட்டறிதல் மருத்துவரின் கடமையாயிற்று. மருந்தின் அளவையும் வேளையையும் அவரே மாற்றியமைக்க வல்லவர். அச்சத்தால் பெற்றோர் தாமே நிறுத்திவிடுதல் தீர்வாகாது.

மலேசியச் சுகாதார அமைச்சு இக்கோளாறுக்கெனச் சிகிச்சை வழிகாட்டியை 2008-இல் வெளியிட்டு, 2020-இல் புதுப்பித்தது. பெரட்டு மணிக்கு மாறாக, இன்று கைப்பேசியின் ஒளி பிள்ளைகளின் துயிலைக் கவர்கிறது. பிரம்பை எடுக்குமுன், 'நேற்று நன்றாக உறங்கினாயா?' என்று அன்று கேட்கத் தவறிய கேள்வியை இன்றேனும் கேட்போமாக.