மருத்துவர் மாறினாலும் தொடரும் மின்னியல் பதிவு

முழங்கால் வலிக்காக வீட்டருகே உள்ள தனியார் மருந்தகத்துக்குச் செல்கிறார் ஒரு முதியவர். இதய நோய்க்காக மருத்துவமனை தந்த வார்ஃபரின் மாத்திரையை அவர் ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறார். கேட்டால், “ரத்தத்துக்கு ஒரு சின்ன மாத்திரை” என்று மட்டும் சொல்வார். அது என்னவென்று தெரியாமல் மருத்துவர் ஐபுபுரோஃபென் எழுதிக் கொடுத்தால், வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவுக் கட்டமைப்பு தொடங்கப்பட்டது. மருந்துகள், ஒவ்வாமை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், தடுப்பூசி விவரங்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது எழுதப்படும் சுருக்கம் ஆகியவை அதில் சேர்கின்றன. மருத்துவர்களின் எல்லாக் குறிப்புகளும் அதில் இருப்பதில்லை, முக்கியமானவை மட்டுமே.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதன் பயன் இன்னும் தெளிவு. சிறுநீரகச் செயல்பாடு ஒரே நாளில் சரிவதில்லை. ஒரு பரிசோதனையில் சாதாரணமாகத் தெரியும் எண், பல ஆண்டு முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது சரிவைக் காட்டிவிடும். மெட்ஃபோர்மின் அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர் அதைக் கொண்டே முடிவுசெய்கிறார்.

அச்சத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2018ல் சிங்ஹெல்த் மீது நடந்த இணையத் தாக்குதலில் சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டன. ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் அதில் அடங்கும். தாக்கப்பட்டது தேசியப் பதிவு அன்று என்றாலும், மக்களின் கவலை அதையும் தொட்டது.

பதிவில் ஏறாதது மருத்துவரின் திரையில் தெரியாது. தனியார் மருந்தகங்கள் நெடுங்காலம் விருப்பத்தின் பேரில்தான் இதில் இணைந்தன. ஊருக்குப் போனபோது சென்னையிலோ திருச்சியிலோ வாங்கி வந்த மாத்திரைகளும் சித்த மருந்துகளும் அதில் இரா. அவற்றை நோயாளிதான் சொல்ல வேண்டும். முடிந்தால் மாத்திரை அட்டையையே எடுத்துச் செல்லலாம்.

தவறான பதிவும் அப்படியே தொடரும். சிறுவயதில் பெனிசிலின் சாப்பிட்டு வாந்தி எடுத்ததை ‘ஒவ்வாமை’ என்று யாரோ பதிந்திருக்கலாம். அதன் பிறகு அந்த மருந்து பல்லாண்டு மறுக்கப்படலாம். சிங்பாஸ் மூலம் ஹெல்த்ஹப் செயலிக்குள் சென்று தங்கள் விவரங்களைப் பார்ப்பவர்கள், சந்தேகம் இருந்தால் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேட்கலாம். உண்மையிலேயே ஒவ்வாமையா என்பதைப் பரிசோதித்து அறிய வழி உண்டு.