டீசல் இறங்கினா உழவுக் கூலி இறங்குமா?

2022 பொங்கலுக்கு சென்னையிலேர்ந்து என் அக்கா மகன் வந்திருந்தான். ஐடி கம்பெனியில வேலை. திண்ணையில உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தப்ப கேட்டான். "மாமா, டீசல் ஏறுனா மறுநாளே உழவுக் கூலிய ஏத்திடுறீங்க. இப்ப பதினோரு ரூபா இறங்கி ரெண்டு மாசம் ஆச்சு. ஏன் இறக்கல?"

"டீ ஆறுது, குடிடா" அப்படின்னு பேச்சை மாத்திட்டேன். ஆனா அந்தக் கேள்வி மனசுல முள்ளு மாதிரி தங்கிடுச்சு. அதுக்கு நேர்மையா பதில் சொல்லணும்னா டீசல் விலையோட பழைய கதையிலேர்ந்து ஆரம்பிக்கணும். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

என்கிட்ட ஒரு டிராக்டர் இருக்கு, 45 ஹெச்பி. என் வயல் போக அக்கம்பக்கத்துக்கும் வாடகைக்கு ஓட்டுறேன். சேத்துல ரொட்டவேட்டர் போட்டா மணிக்கு அஞ்சு லிட்டர் குடிக்கும். டீசல் ஒரு ரூபா ஏறினா எனக்கு மணிக்கு அஞ்சு ரூபா செலவு கூடும். இந்த அஞ்சு லிட்டரை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

எங்க அப்பா காலத்துல உழவுக்கு மாடுதான். டீசல்னா அது ஆயில் என்ஜினுக்கு. ஆத்துல தண்ணி குறைஞ்சா வாய்க்கால்ல என்ஜினை இறக்கி இறைப்பாங்க. 1990-ல விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் முழுசா இலவசம் ஆனப்புறம், கனெக்‌ஷன் கிடைச்சவங்களுக்கு இறைவைச் செலவு பெருசா இல்லாம போச்சு. ஆனா அதே சமயத்துல மாடு குறைஞ்சு டிராக்டர் வந்துச்சு, அப்புறம் அறுவடை மிஷின் வந்துச்சு. தண்ணி கரண்டுக்குப் போச்சு, உழவும் அறுப்பும் டீசலுக்குப் போச்சு. இப்ப டீசல் இல்லாம ஒரு மா நிலத்துல கூட விவசாயம் நடக்காது.

அப்பல்லாம் டீசல் விலையை டெல்லியில வச்சுத்தான் தீர்மானிப்பாங்க. எழுபதுகள்லேர்ந்து 2002 மார்ச் வரைக்கும் அரசு நிர்ணய விலைதான். உலகத்துல எண்ணெய் ஏறுனாலும் இறங்குனாலும் இங்க பங்க்குல உடனே தெரியாது. நடுவுல ஒரு பொதுக் கணக்கு வச்சு ஏத்த இறக்கத்தை அதுல சமாளிச்சாங்க. எப்பவாவது ஒருநாள் ராத்திரி ரேடியோவுல "நள்ளிரவு முதல் விலை உயர்வு" அப்படின்னு சொல்லுவாங்க. உடனே கேனைத் தூக்கிக்கிட்டு சைக்கிள்ல பங்க்குக்கு ஓடுவாங்க. ஏத்தம் ஒரேயடியா வந்தாலும் அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அதே விலை நிக்கும். உழவுக் கூலியும் அப்படியே நிக்கும். பேசி முடிவு பண்ண நேரம் இருந்துச்சு.

2002 ஏப்ரல்லேர்ந்து விலையைச் சந்தைக்கு விட்டதா சொன்னாங்க. ஆனா 2004-க்கு அப்புறம் உலக விலை ஏற ஏற, அரசே மறுபடி பிடிச்சு நிறுத்துச்சு. 2008 ஜூலையில கச்சா எண்ணெய் பேரல் 147 டாலர் வரைக்கும் போச்சு. அந்தப் பாரம் மொத்தமும் பங்க்குக்கு வரல. எண்ணெய்க் கம்பெனிகளுக்கு அரசு பத்திரம் கொடுத்துச்சு, ஓஎன்ஜிசி மாதிரி எண்ணெய் எடுக்கிற கம்பெனிகளும் ஒரு பங்கைச் சுமந்துச்சு. விவசாயிக்கு அது நிழல் மாதிரி இருந்துச்சு. ஆனா அந்த நிழலுக்கும் யாரோ காசு கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க, அதையும் சொல்லணும்.

2010-ல பெட்ரோலை அவுத்து விட்டாங்க. டீசலுக்கு 2013 ஜனவரியிலேர்ந்து மாசாமாசம் ஐம்பது காசு மாதிரி ஏத்த ஆரம்பிச்சாங்க. 2014 அக்டோபர்ல டீசலையும் முழுசா அவுத்து விட்டாங்க. அன்னைக்கு லிட்டருக்கு 3 ரூபா 37 காசு குறைஞ்சு டெல்லியில 55 ரூபா 60 காசு ஆச்சு. நாங்க டீக்கடையில சந்தோஷப்பட்டோம். "இனிமே உலகத்துல இறங்குனா நமக்கும் இறங்கும்"னு பேசிக்கிட்டோம்.

உலகத்துல இறங்கத்தான் செஞ்சுது. 2014 நடுவுல 110 டாலருக்கு மேல இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில 30 டாலருக்குக் கீழ போச்சு. நாலுல ஒரு பங்குன்னு வச்சுக்குங்க. பங்க்குல அப்படி இறங்கல. ஏன்னா 2014 நவம்பர்லேர்ந்து 2016 ஜனவரிக்குள்ள மத்திய கலால் வரியை 9 தடவை ஏத்தினாங்க. லிட்டருக்கு 3 ரூபா 56 காசா இருந்த வரி 17 ரூபாய்க்கு மேல போச்சு. இறங்கின காசுல பெரும்பகுதி வரிக்குப் போச்சு.

2020-ல இதே கதை இன்னும் பெருசா நடந்துச்சு. ஊரடங்கு, உலகம் முழுக்க வண்டி ஓடல. ஏப்ரல் 20 அன்னைக்கு அமெரிக்காவுல எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழ போச்சு. எண்ணெயை எடுத்துக்கிட்டுப் போறதுக்கு எதிர்ல நின்னவனுக்குக் காசு கொடுக்கிற நிலைமை. அடுத்த மாசம் மே மாதம், தமிழ்நாட்டுல டீசலுக்கான மதிப்புக் கூட்டு வரியை மாத்தினாங்க. 25 சதவீதமா இருந்தது, 11 சதவீதமும் அதுக்கு மேல லிட்டருக்கு 9 ரூபா 62 காசும்னு ஆச்சு. விலை ரெண்டரை ரூபா ஏறிடுச்சு. அதே வாரம் மத்திய அரசு டீசலுக்கு 13 ரூபா வரி ஏத்துச்சு. மொத்த கலால் வரி 31 ரூபா 83 காசு. உலக விலை கிடந்த கிடையில அந்த 13 ரூபா அன்னைக்கு பங்க்குல தெரியல. ஜூன்ல உலக விலை திரும்ப ஏறுனப்பதான் தெரிஞ்சுது. ஜூன் 24-ம் தேதி டெல்லியில டீசல் விலை பெட்ரோலையே தாண்டிடுச்சு.

ஏறி ஏறி, 2021 நவம்பர் தொடக்கத்துல சென்னையில டீசல் 102 ரூபா 59 காசு. தீபாவளி சமயத்துல மத்திய அரசு 10 ரூபா வரி குறைச்சுது. சென்னையில விலை 91 ரூபா 43 காசு ஆச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, இறங்கினது 10 ரூபா இல்ல, 11 ரூபா 16 காசு. அந்தக் கூடுதல் எங்கேர்ந்து வந்துச்சு? மாநில வரி 11 சதவீதம், மத்திய வரியையும் சேர்த்த விலை மேல போடுறது. வரிக்கு வரி. மேல 10 ரூபா குறைஞ்சா கீழ 1 ரூபா 10 காசு தானா குறையும். ஏறும்போதும் அப்படித்தான் தானா ஏறும். 2022 மே மாசம் 6 ரூபா குறைச்சப்பவும் இங்க 100 ரூபா 94 காசுலேர்ந்து 94 ரூபா 24 காசுக்கு வந்துச்சு, அதாவது 6 ரூபா 70 காசு.

அந்தக் கலால் வரிக்குள்ளயும் பல பேர் இருக்கு. ஒண்ணு சாலை, உள்கட்டமைப்பு செஸ். என் டிராக்டர் வருஷத்துல பாதி நாள் சேத்துல கிடக்குது, நெடுஞ்சாலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொண்ணு 2021 பிப்ரவரியில வந்த வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு செஸ், டீசலுக்கு 4 ரூபா. வேற வரியைக் குறைச்சு இதை வச்சதால அன்னைக்கு விலை ஏறல. ஆனா விவசாயத்துக்குன்னு சொல்ற காசை, உழவு ஓட்டுற விவசாயியே லிட்டருக்கு லிட்டர் கொடுக்கிறான். இந்த மாதிரி செஸ்ஸுல மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது.

பிரிட்டன்ல விவசாய டிராக்டருக்கு சிவப்புச் சாயம் கலந்த டீசல் தனியா உண்டு, வரி ரொம்பக் குறைவு. அமெரிக்காவுலயும் வயல்ல ஓடுற வண்டிக்குச் சாயம் போட்ட, சாலை வரி இல்லாத டீசல் உண்டு. இங்கயே மீனவர்களுக்கு மாநில வரி இல்லாத டீசல் ஒரு அளவு வரைக்கும் கிடைக்குது. அது நியாயம். அதே மாதிரி உழவு வண்டிக்கும் கேக்குறதுல தப்பில்லன்னு நினைக்கிறேன்.

"உங்க பக்கம்தான் எண்ணெய் எடுக்குறாங்களே"ன்னு சில பேர் கேப்பாங்க. உண்மைதான். எங்க ஊர்லேர்ந்து கிழக்கே போனா நரிமணம், எண்பதுகள்லேர்ந்து வயலுக்கு நடுவுல கச்சா எண்ணெய் எடுக்கிறாங்க. 1993-ல பக்கத்துல பனங்குடியில சுத்திகரிப்பு ஆலையும் வந்துச்சு. ஆனா டீசலுக்கு அடிப்படை விலை, அதை வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல கொண்டுவந்தா என்ன ஆகும்ங்கிற கணக்கை ஒட்டித்தான். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெய்ல 85 சதவீதத்துக்கு மேல இறக்குமதி. அதனால டாலர் ஏறுனாலும் நமக்கு ஏறும். எண்ணெய் நம்ம காலுக்குக் கீழ, விலை கடலுக்கு அந்தப் பக்கம்.

2017 ஜூன்லேர்ந்து தினசரி விலை மாத்தம்னு சொன்னாங்க. அதுவும் பாதி உண்மைதான். 2021 நவம்பர்லேர்ந்து 2022 மார்ச் 22 வரைக்கும் விலை அசையவே இல்ல. நடுவுல அஞ்சு மாநிலத் தேர்தல் முடிஞ்சுது. அப்புறம் ரெண்டு வாரத்துல 10 ரூபா ஏறுச்சு.

நெல்லு விலையோட ஒப்பிட்டா என்னன்னு ஒருநாள் உக்காந்து கணக்குப் போட்டேன். மத்திய அரசோட ஆதார விலையும் டெல்லி டீசல் விலையும் மட்டும், மாநில ஊக்கத்தொகை சேர்க்கல. 2014-ல சாதா ரக நெல் குவிண்டால் 1360 ரூபா, ஒரு லிட்டர் டீசலுக்கு நாலு கிலோ நெல்லு. 2021 நவம்பர் தொடக்கத்துல நெல் 1940, டீசல் 98 ரூபா 42 காசு, ஒரு லிட்டருக்கு அஞ்சு கிலோ. 2024-ல நெல் 2300, டீசல் 87 ரூபா 62 காசு, நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி.

பத்து வருஷத்தை மொத்தமா பாத்தா பெருசா ஒண்ணும் மாறலன்னு தோணும். எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ஆனா விவசாயி பத்து வருஷத்தை மொத்தமா வாழுறதில்ல. ஒவ்வொரு போகமா வாழுறான். டீசல் எந்த நாளும் ஏறலாம், நெல்லு விலை வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாறும். அஞ்சு கிலோ கொடுத்த போகத்துல வாங்கின கடன், நாலு கிலோ ஆன போகத்துல தானா அடைஞ்சிடாது.

இப்ப என் கதைக்கு வரேன். 2021-ல டீசல் ஏறுனப்ப நான் மணிக்கு 900 வாங்கினதை 1000 ஆக்கினேன். நவம்பர்ல 11 ரூபா இறங்குச்சு. அஞ்சு லிட்டருக்கு 55 ரூபா எனக்கு மிச்சம். கீழத்தெருவுல ஒரு பெரியம்மா, மூணு மா நிலம், புருஷன் இல்ல. தாளடி உழவுக்கு வந்தவங்க, "டீசல் இறங்கிடுச்சாமேப்பா, ஐம்பது ரூபா குறைச்சுக்கயேன்"னு கேட்டாங்க. நான் ரொட்டவேட்டர் பிளேடு விலை, டயர் விலை, டிரைவர் படி, வண்டித் தவணை எல்லாத்தையும் சொன்னேன். எதுவும் பொய் இல்ல. ஆனா கூலியை ஏத்துனப்ப டீசலைத்தான் காரணம் சொன்னேன். இறங்குனப்ப மட்டும் பிளேடு ஞாபகம் வந்துச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல. ஆயிரத்தையே எண்ணிக் கொடுத்துட்டுப் போனாங்க.

அக்கா மகன் கேட்ட கேள்வி அதனாலதான் குத்துச்சு. டெல்லிக்காரங்க செஞ்சதா நான் டீக்கடையில திட்டுறதும், என் வயக்காட்டுல நான் செஞ்சதும் ஒண்ணுதான். விலை இறங்கும்போது வழியில இருக்கிற ஒவ்வொருத்தரும் கொஞ்சம் எடுத்து மடியில கட்டிக்கிறோம். மத்திய அரசு, மாநில அரசு, எண்ணெய்க் கம்பெனி, கடைசியா டிராக்டர்காரன் நான். ஏறும்போது எல்லாரும் கீழ தள்ளிவிடுறோம். கீழ தள்ள ஆள் இல்லாதவங்க அந்தப் பெரியம்மா மாதிரி, வண்டி இல்லாம நெல்லு மட்டும் விக்கிறவங்க.

2022 குறுவைக்கு முன்னால என் ஷெட்டுச் செவத்துல எழுதிப் போட்டேன். வண்டிக்கு மணிக்கு இவ்வளவு, அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாறும். டீசல் அஞ்சு லிட்டர், அன்னைக்கு பங்க்குல என்ன விலையோ அது. ரெண்டையும் கூட்டிக்க வேண்டியதுதான். மத்த டிராக்டர்காரங்க முதல்ல கோவிச்சுக்கிட்டாங்க. இப்ப அதுல ரெண்டு பேர் அதே மாதிரி எழுதிப் போட்டிருக்காங்க.

2024 மார்ச்ல டீசல் 2 ரூபா குறைஞ்சுது. கோடை உழவுக்குப் பெரியம்மா காசு கொடுத்தப்ப மணிக்கு பத்து ரூபா திருப்பிக் கொடுத்தேன். "இதுக்குப் போயா?"ன்னு சிரிச்சாங்க. ஆனா வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

மாப்ள, நீ கேட்டதுக்கு பதில் இதுதான். அன்னைக்கு இறக்கியிருக்கணும்.