கண்டன்சரும் மின்தேக்கியும்

ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால், "கண்டன்சர் போயிருச்சுங்க" என்பார்கள். அதே வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை அதை மின்தேக்கி என்று படிக்கும்.

கண்டன்சரைக் கொச்சை என்று ஒதுக்குவது தவறு. அது இத்தாலிய இயற்பியலாளர் வோல்ட்டா 1782இல் வழங்கிய சொல்லின் வழித்தோன்றல். மின்சாரத்தை ஒருவகைப் பாய்மம் என்று எண்ணிய காலம் அது. செறித்து வைப்பது என்ற பொருளில் இத்தாலியத்தில் 'கொன்டென்சத்தோரே' என்றார். கருவியோ அந்தச் சொல்லுக்கும் மூத்தது: 1745-46இல் ஜெர்மனியிலும் ஹாலந்தின் லைடன் நகரிலும் கண்ணாடிக் குடுவையாகப் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர்கள் கப்பாசிட்டருக்கு மாறினார்கள். நம் காயில் கட்டும் பட்டறைகள் பழைய பெயரை விடவில்லை.

இலங்கைத் தமிழர் கொள்ளளவி என்றார்கள். எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கிலிருந்து வந்த பெயர். தமிழ்நாட்டுப் பாடநூலின் மின்தேக்கியோ வினையிலிருந்து வந்தது: கடத்துவது கடத்தி, மாற்றுவது மாற்றி, தேக்குவது தேக்கி. ஆழியாறு அணையை நம்பி வாழும் ஊருக்கு இந்த வினையை விளக்க வேண்டியதில்லை. எனக்கு இதுவே பிடித்த சொல். ஒரு குறை உண்டு: அணையில் நீர் ஒரு பக்கம்தான் நிற்கும், இங்கே ஒரு தகட்டில் நேர்மின்னூட்டமும் மறுதகட்டில் அதே அளவு எதிர்மின்னூட்டமும் நிற்கின்றன. ஆனாலும் நடுவிலிருக்கும் தடுப்புதான் உயிர் என்பதை அந்தச் சொல் சரியாகப் பிடித்திருக்கிறது.

செய்து பார்த்தால் இது கைக்கே புரியும். சமையலறை அலுமினியத் தாளில் 30 செ.மீ. சதுரமாக இரண்டு வெட்டுங்கள். நடுவே 400 கேஜ் பாலித்தீன் தாள், அதாவது 0.1 மி.மீ. தடிமன், நாற்புறமும் இரண்டு விரல் கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் தகடுகள் தொட்டுவிடும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு ஒயரை இணைத்து, மேலே கனமான புத்தகத்தை வையுங்கள். கணக்குப்படி சுமார் 18 நானோஃபாரட் வரவேண்டும். இடையில் காற்று புகுந்தால் குறையும். புத்தகத்தை அழுத்தினால் மல்டிமீட்டரில் எண் ஏறும். தடுப்பு மெலிய மெலியத் தேக்கம் கூடும், அணைக்கட்டில் காணமுடியாத விசித்திரம் இது.

மின்விசிறியின் கண்டன்சர் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். அதற்கு ஈடாக இப்படி ஏறத்தாழ 140 செய்து பக்கவாட்டில் இணைக்க வேண்டும். கடைச்சரக்கில் பிளாஸ்டிக் படலம் சில மைக்ரான் தடிமனே. அதன் மேல் உலோகம் பூசிச் சுருட்டியிருப்பார்கள். அதனால்தான் உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

பாடநூல் மின்தேக்கிக்குப் பக்கத்தில் கண்டன்சர் என்றும் அச்சிட வேண்டும். தோப்பு மோட்டாரும் தேர்வுக் கேள்வியும் ஒன்றே என்று பிள்ளைக்கு அப்போது தெரியும். கடைசியாக ஓர் எச்சரிக்கை: வீட்டில் செய்ததை மீட்டரில் அளப்பதோடு நிறுத்துங்கள். சுவர் பிளக்கில் மட்டும் ஒருபோதும் இணைக்காதீர்கள்.