ஏசி தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வழியுதா? பிடித்து வைத்தால் குடிக்கலாமா?

அரூர், தீர்த்தமலை பக்கம் கோடை வெயில் எப்படி அடிக்கும்னு சொல்லத் தேவையில்லை. ஏசி மாட்டினால் கூடவே ரெண்டு கேள்வி வரும். வெளியே பைப்பில் சொட்டுற தண்ணீரை என்ன செய்யலாம்? அதே தண்ணீர் உள்பக்கச் சுவரில் வழிந்தால் என்ன காரணம்?

தண்ணீர் எங்கிருந்து வருது?

ஏசிக்குள் தண்ணீர் டேங்க் எதுவும் கிடையாது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோர்க்குமே, அதே கதைதான். அறைக் காற்றில் இருக்கும் ஈரப்பதம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி, கீழே உள்ள தட்டில் விழுந்து, டிரெயின் பைப் வழியாக வெளியேறும். கடலோரச் சென்னையில் நிறைய சொட்டும். காற்று வறண்ட ஊரில் குறைவாகத்தான் சொட்டும், அதை ரிப்பேர்னு நினைக்க வேண்டாம்.

உள்ளே ஏன் வழியுது?

வீட்டு ஸ்பிளிட் ஏசியில் பெரும்பாலும் பம்ப் இருக்காது. சரிவை நம்பித்தான் தண்ணீர் ஓடுகிறது. பைப்பில் தூசியும் பாசியும் அடைத்தாலோ, பைப் நடுவில் மேலே தூக்கி நின்றாலோ, தட்டு நிரம்பி உள்ளே வழியும். பலரும் கவனிக்காத ஒன்று: பக்கெட்டில் பிடிக்கும்போது பைப்பின் முனை தண்ணீரில் மூழ்கக் கூடாது. மூழ்கினால் உள்ளே காற்று சிக்கி ஓட்டம் நின்றுவிடும்.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்க. வெளிமுனையில் அடைப்பு தெரிந்தால் எடுத்துவிடுங்க. அதன் பிறகும் காயிலில் ஐஸ் கட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, கேஸ் குறைந்திருக்கலாம்.

குடிக்கலாமா?

தருமபுரிக்காரங்க உஷாரா இருக்க வேண்டிய இடம் இது. மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பு பாதிப்பு எல்லாம் அதனால்தான். 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முக்கிய நோக்கமே இந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதுதான்.

ஏசி நீரில் போர் தண்ணீரின் உப்பும் ஃப்ளோரைடும் இருக்காது, உண்மைதான். ஆனால் தூசி படிந்த உலோகக் காயிலைக் கழுவிக்கொண்டு, பாசி பிடித்த தட்டில் தேங்கி வருகிற தண்ணீர் அது. கிருமி இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் உலோகக் கலப்பு போகாது. குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றாதீங்க, கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. செடிக்கு, தரை துடைக்க, டாய்லெட்டுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பக்கெட்டை மட்டும் மூடி வையுங்க, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.