நம் வடக்கு எல்லை எப்படி வந்தது?

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி பெங்களூரு போகும்போது கவனித்திருப்பீர்கள். கர்நாடகம் வருவதற்கு முன்பே குப்பம் என்ற ஆந்திர நிலையம் வந்துவிடும். தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் நடுவில் ஆந்திரா எங்கிருந்து வந்தது என்று நம் குடியிருப்புப் பிள்ளைகள் கேட்டால், 1911-லிருந்து கதையைத் தொடங்குங்கள்.

அதுவரை நம் திருப்பத்தூர் தாலுகா சேலம் மாவட்டத்தில் இருந்தது. வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமோ சித்தூர். 1911-ல் சித்தூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். குப்பமும் திருத்தணியும் அதோடு போயின; திருப்பத்தூர் வட ஆற்காட்டுக்கு வந்தது. எல்லாமே சென்னை மாகாணத்துக்குள்தான் என்பதால் இது வெறும் நிர்வாக ஏற்பாடு. ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கோடே இரு மாநிலங்களைப் பிரிக்கும் கோடானது.

தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை யாருக்கு என்பதுதான் பெரிய சண்டை. அது நம்மிடமே நின்றது. சித்தூர் மாவட்டமோ, தமிழ் பேசும் ஊர்களையும் சேர்த்து, முழுசாக ஆந்திராவுக்குப் போய்விட்டது. ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகமும், திருத்தணிப் பக்கத்தில் மங்கலங்கிழாரும் போராடியது இதற்காகத்தான். திருப்பதி வரை நமக்கு வேண்டும் என்று இவர்கள் கேட்டார்கள். அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களில் தெலுங்கு பேசும் ஊர்கள் எங்களுக்கே என்றார்கள்.

கடைசியில் இரு அரசுகளும் ஒரு நடுவரை ஏற்றன. அவர் எச்.வி. படாஸ்கர். பம்பாய்ப் பக்கத்துக்காரர், மத்திய அமைச்சராக இருந்தவர். தமிழும் தாய்மொழி இல்லை, தெலுங்கும் இல்லை. பங்காளிச் சண்டைக்கு வெளியூர்ப் பெரியவரைக் கூப்பிடுகிற மாதிரிதான்! மாவட்டத்தையோ தாலுகாவையோ அப்படியே தூக்கிக் கொடுக்காமல், கிராமத்தை அளவாக எடுத்துக்கொண்டார். அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம், அந்த மொழி மாநிலத்தோடு அது நிலத்தால் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இரண்டாவது கேள்வி முக்கியம். அது இல்லையென்றால் ஒரு மாநிலத்துக்குள் இன்னொரு மாநிலத்தின் ஊர்கள் தீவு தீவாகக் கிடந்திருக்கும்.

இதன்படி திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் நமக்கு வந்தன. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பக்கத்து ஊர்களும், சேலம் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் சில ஊர்களும் ஆந்திராவுக்குப் போயின. நாடாளுமன்றம் 1959-ல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் அமலானது. ஆந்திரா பிறந்து ஆறரை ஆண்டுகள் ஆகியிருந்தன. திருப்பதி, சித்தூர், குப்பம் மூன்றும் அங்கேயே தங்கிவிட்டன. ம.பொ.சி.க்கு இது பாதி வெற்றிதான். ஆனாலும் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்ததால்தான், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஊர்களுக்காக மறுபடி பெரிய சண்டை மூளவில்லை என்பது என் கருத்து.

அந்த ஏற்பாடு நிலத்துக்கு மட்டும்தான், தண்ணீருக்கு இல்லை. கர்நாடகத்தில் பிறக்கும் பாலாறு குப்பம் வழியாக ஓடி, புல்லூரைத் தாண்டித்தான் வாணியம்பாடிப் பக்கம் நம் மாவட்டத்துக்குள் நுழைகிறது. சென்னையும் மைசூரும் 1892-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேட்காமல் புதிதாக அணை கட்டக்கூடாது என்பது அதன் சாரம். குப்பம் பக்கம் கணேசபுரத்தில் ஆந்திரா அணை கட்ட முனைந்தபோது, 2006-ல் தமிழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு புல்லூர்த் தடுப்பணையின் உயரத்தைக் கூட்டியதும் பிரச்சினையானது. வாணியம்பாடி, ஆம்பூர் விவசாயிகள் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது நினைப்பது படாஸ்கரை அல்ல, அந்தத் தடுப்பணையைத்தான்.