தன்னிடமே திரும்பும் சொல்

ஸ்பெயினில் ஒரு வீட்டு வாசலில் 'சே வெந்தே' என்று பலகை தொங்கினால் அந்த வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது என்று பொருள். கடைக் கண்ணாடியில் 'சே ஆப்லா எஸ்பான்யோல்' என்று எழுதியிருந்தால் உள்ளே ஸ்பானிஷ் பேசுவார்கள். முகம் கழுவிக்கொள்வதற்கு அகராதியைப் புரட்டினால் 'லவார்சே' என்று இருக்கும். அங்கேயும் கடைசியில் அதே சே ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பானிஷில் இரண்டே எழுத்து, தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. அந்த மொழியில் இது இல்லாமல் ஒரு நாளையும் ஓட்ட முடியாது.

நமக்குச் சே என்றதும் சே குவேரா நினைவுக்கு வருவார். அது வேறு சொல். அர்ஜென்டீனாவில் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடும் விளி, அதை அழுத்தி 'ச்சே' என்பார்கள். நாம் பார்க்கப் போகும் சே, 'சேலை'யில் வருகிற மெல்லிய சே. 'தன்னை', 'தனக்கு' என்பது இதன் பொருள். இது நடந்து வந்த தூரம் பெரிது.

ஐந்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்டு, எழுத்தில் பதியாமலே மறைந்த ஒரு தாய்மொழி உண்டு. அதன் பிள்ளைகளை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் அதை மீட்டெடுத்து, இந்தோ-ஐரோப்பிய மூலமொழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் 'தன்' என்ற பொருளில் 'ஸ்வெ' என்றொரு வேர் இருந்தது. கிழக்கே வந்த கிளையில் அது சமஸ்கிருதத்தின் 'ஸ்வ', 'ஸ்வயம்' ஆனது. அங்கிருந்து தமிழுக்குள் வந்த சுயம், சுதேசி, சுயராஜ்யம் எல்லாம் அந்த வேரின் வழித்தோன்றல்கள்தாம். 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் பெயரிலும், 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் பெயரிலும் முதலில் நிற்பது அதுதான். மேற்கே போன கிளைகளில் லத்தீனின் 'சே', ஜெர்மனின் 'சிஹ்', ருஷ்ய வினைகளின் வாலில் ஒட்டும் 'ஸ்யா' என்று அது பிரிந்தது. 'லவார்சே'யும் சுயமரியாதையும் ஒரே வேரைப் பகிர்ந்துகொள்கின்றன.

இப்படி ஒரு தனிச்சொல் ஏன் தேவைப்பட்டது? 'நான் என்னைப் பார்த்தேன்' என்றால் குழப்பமே இல்லை, நான் என்றால் நான்தான். 'நீ உன்னைப் பார்த்தாய்' என்பதும் அப்படியே. 'அவன் அவனைப் பார்த்தான்' என்று சொல்லிப் பாருங்கள். எவன் எவனைப் பார்த்தான்? பார்த்தவனும் பார்க்கப்பட்டவனும் ஒருவனே என்று காட்ட, தமிழ் 'தன்னை'யைக் கொண்டுவருகிறது. லத்தீனும் அதற்காகவே 'சே'யை வைத்திருந்தது. அதனால்தான் லத்தீனில் இந்தச் சொல்லுக்கு எழுவாய் வடிவமே கிடையாது. செய்பவர் முன்பே சொல்லப்பட்டுவிட்டார், செயல் அவரிடமே திரும்புகிறது என்று காட்டுவது மட்டுமே இதன் வேலை. ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் இது உருமாறாது. நாம் தன், தம் என்று பிரிக்கிற இடத்திலும் சே ஒன்றே.

கி.மு. 218இல் கார்த்தேஜுடன் போரிட வந்த ரோமானியப் படை, ஐபீரியத் தீபகற்பத்தின் வடகிழக்குக் கரையில் எம்போரியோனில் இறங்கியது. படைவீரர்களும் வணிகர்களும் பேசிய கொச்சை லத்தீன் அவர்களோடு கரையேறியது. ஏட்டு லத்தீனில் கழுவுகிறேன் என்பதற்கு 'லவோ'. கழுவப்படுகிறேன் என்பதற்கு 'லவோர்', கழுவிக்கொள்கிறேன் என்பதற்கும் அதுவே போதும். இறுதியில் வரும் அந்த 'ர்' பேச்சு வழக்கில் மெல்ல உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தின் வேலை முழுவதும் சே மற்றும் அதன் தோழர்களான மே (என்னை), தே (உன்னை) தலையில் விழுந்தது. வீட்டுப் பலகையில் 'விற்கப்படும்' என்ற பொருளை இன்று சே சுமப்பதற்குக் காரணம் இதுதான்.

ஸ்பானிஷ் பிறந்த காஸ்தீலிய மண்ணில் இந்தச் சொல் எப்படித் தேய்ந்து வளர்ந்தது என்பதற்கு 'கொன்சீகோ'வே சாட்சி. 'தன்னோடு' என்பதற்கு லத்தீனில் 'சேகும்'. அதில் 'கும்' என்பதுதான் 'ஓடு'. நாளடைவில் அது 'சீகோ' என்று தேய்ந்தபோது உள்ளே 'ஓடு' இருப்பதை மக்கள் மறந்தார்கள். முன்னால் 'கொன்' என்று இன்னொரு 'ஓடு' சேர்த்தார்கள். இன்றைக்கு ஸ்பானியர் சொல்லும் 'தன்னோடு'வில் இரண்டு 'ஓடு' உண்டு.

ஆள்மாறாட்டமும் நடந்தது. 'அவருக்கு அதைக் கொடுத்தான்' என்பதில் வரும் 'அவருக்கு அதை' பழைய காஸ்தீலியத்தில் 'ஜெலோ'. லத்தீனில் 'அவருக்கு' என்ற பொருள் கொண்ட வேறொரு சொல்லின் வாரிசு அந்த 'ஜெ'. அன்றைய உச்சரிப்பில் அது சேக்கு மிக நெருக்கமாக ஒலித்ததால், 16ஆம் நூற்றாண்டில் இரண்டும் கலந்து 'சே லோ' என்றே நிலைத்துவிட்டது. 'சே லோ' என்று வரும்போது 'தனக்கு' என்று பொருள் எடுத்துத் தடுமாறும் மாணவர்கள் பலர். அங்கே நிற்பது பெரும்பாலும் சேயின் சட்டையைப் போட்டுக்கொண்ட பழைய 'ஜெ'.

1492 இந்தப் பயணத்தில் ஒரு முச்சந்தி. அந்த ஆண்டு ஆகஸ்டில் நெப்ரிஹாவின் காஸ்தீலிய இலக்கண நூல் சலமான்காவில் அச்சாகி வந்தது. அதே ஆண்டு கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்தார். அதே ஆண்டு ஸ்பெயின் தன் யூதர்களை நாடு கடத்தியது. உதுமானியப் பேரரசில் சலோனிகா, இஸ்தான்புல் போன்ற நகரங்களில் குடியேறியவர்கள் தங்கள் ஸ்பானிஷைக் கைவிடவில்லை. 'எங்களை' என்பதற்கு ஸ்பெயினில் 'நோஸ்', அவர்கள் வாயில் 'மோஸ்'. வீட்டைப் பறித்த நாட்டின் மொழியில்தான் அவர்கள் பல நூற்றாண்டுகள் குழந்தைகளைத் தாலாட்டினார்கள்.

கடல் தாண்டிய கிளையில் வேறு மாற்றம். நண்பர்களைப் பன்மையில் அழைக்கும் 'ஓஸ்' அமெரிக்கக் கண்டத்தில் வழக்கொழிந்தது. அங்கே உறவானாலும் மரியாதையானாலும் பன்மையில் 'உஸ்தேதெஸ்'தான், அதற்குத் துணை சே. அர்ஜென்டீனாவில் 'நீ' என்பதற்கு 'வோஸ்' நிலைத்தாலும் 'உன்னை' மட்டும் 'தே'யாகவே இருக்கிறது. 'எழுந்திரு' என்பதை மத்ரிதில் 'லெவாந்தத்தே' என்பார்கள், புவெனோஸ் ஐரெஸில் 'லெவந்தாத்தே' என்பார்கள். எழுத்து அதேதான். அழுத்தம் ஓரசை தள்ளிப் போனதும் கண்டம் மாறிவிடுகிறது.

இன்றைய வாய்பாட்டையும் பார்த்துவிடுவோம். மே லாவோ, நான் கழுவிக்கொள்கிறேன். தே லாவாஸ், நீ. சே லாவா, அவன் அல்லது அவள். நோஸ் லவாமோஸ், நாங்கள். ஓஸ் லவாயிஸ், ஸ்பெயினில் நண்பர்களைப் பார்த்து நீங்கள். சே லாவான், அவர்கள். வினையின் வால் வழக்கம்போலவே மாறுகிறது, முன்னால் நிற்கும் சொல்லும் ஆளுக்கேற்ப மாறுகிறது, அவ்வளவுதான். 'ஏர்' முடிவுள்ள வினையானால் மே கோமோ (தின்றுவிடுகிறேன்), தே கோமெஸ், சே கோமெ. 'ஈர்' முடிவானால் மே அபூர்ரோ, தே அபூர்ரெஸ், சே அபூர்ரெ. சலிப்படைவதையும் ஸ்பானிஷ்காரர்கள் தன்னிடம் திரும்பும் செயலாகவே பார்க்கிறார்கள்.

நிற்கும் இடத்துக்கும் ஒழுங்கு உண்டு. பழைய காஸ்தீலியத்தில் இந்தச் சொற்கள் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது. அதனால் வினைக்குப் பின்னால் ஒட்டி 'லெவந்தோசே' என்று வந்தன. பிறகு முன்னால் வந்து நிற்கப் பழகின. மூன்று இடங்களில் மட்டும் இன்றும் பின்னால்தான். கழுவிக்கொள்ள என்பதற்கு லவார்சே, கழுவிக்கொண்டு என்பதற்கு லவாந்தோசே, கழுவிக்கொள் என்ற ஏவலுக்கு லாவத்தே. கழுவிக்கொள்ளாதே என்று தடுத்தால் உடனே முன்னால் ஓடிவந்துவிடும்: நோ தே லாவேஸ். கழுவிக்கொள்வோம் என்பதில் 'லவேமோஸ்', 'நோஸ்' இரண்டும் சேரும்போது நடுவில் ஒரு ஸ் விழுந்து 'லவேமோனோஸ்' ஆகிறது. நம் புணர்ச்சி இலக்கணத்தில் 'கெடுதல்' என்கிறோமே, அதேதான்.

கண்ணாடி டம்ளர் கை நழுவி விழுந்தால் ஸ்பானிஷ்காரர் 'நான் போட்டுவிட்டேன்' என்று சொல்வதில்லை. 'சே மே கயோ எல் வாசோ' என்பார். டம்ளர் தானாக விழுந்தது, 'மே' எனக்கு நேர்ந்தது. 'கை தவறி விழுந்துவிட்டது' என்று நம் வீட்டில் சொல்வதுபோலத்தான். வேண்டுமென்று செய்ததையும் நேர்ந்துவிட்டதையும் பிரித்துப் பார்க்கும் நாகரிகம் அந்த ஒரு சேயில் இருக்கிறது.

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்கும் தமிழர்கள் இந்தப் பாடத்தில்தான் இடறுகிறார்கள். 'என் முகத்தைக் கழுவினேன்' என்று கட்டச் சொல்லும் மொழியில் நினைத்துவிட்டு இங்கே வந்தால், 'என்' எங்கே என்று தேடத்தான் வேண்டியிருக்கும். 'மே லவே லா காரா' என்பதில் 'என்' கிடையாது. நாமும் 'முகத்தைக் கழுவிக்கொண்டேன்' என்றுதானே சொல்கிறோம்? யாருடைய முகம் என்பதைக் 'கொள்' சொல்லிவிடுகிறது, அங்கே 'மே' சொல்லிவிடுகிறது. 'அடித்துக்கொண்டார்கள்' என்றால் ஒருவரை ஒருவர் அடித்ததும் ஆகும், தம்மைத் தாமே அடித்ததும் ஆகும். 'சே பெகான்' என்ற ஸ்பானிஷ் தொடரிலும் அதே இரு பொருள்.

மரியாதையிலும் இரண்டு மொழிகளும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. ஸ்பானிஷின் 'உஸ்தேத்', 'தங்கள் தயவு' என்ற பொருள் கொண்ட பழைய தொடரின் தேய்வு. எதிரே நிற்பவரை நேராகச் சுட்டாமல் படர்க்கையாக்கிப் பேசிய பணிவு அது. ஆகவே அதற்குச் சேதான் துணை. தமிழிலும் எதிரே இருக்கும் பெரியவரைத் 'தாங்கள்' என்கிறோம். அது 'தாம்' என்ற சொல்லிலிருந்து, தன்னிடம் திரும்பும் அதே குடும்பத்திலிருந்து வந்தது. உறவே இல்லாத இரண்டு மொழிகள் மரியாதைக்காக ஒரே கதவைத் தட்டியிருக்கின்றன.

எனவே ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் தமிழ் மாணவரிடம் சொல்ல ஒன்று உண்டு. இந்தப் பாடத்துக்கு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். காலையில் எழுந்ததும் முகத்தைக் கழுவிக்கொள்ளும்போது அந்தக் 'கொள்'ளைக் கவனித்து, 'மே லவே லா காரா' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அம்மாவிடம் பாதி கற்றுவிட்ட பாடம் இது.